மூணு வாரம் இருக்கு, அது போதும்

கேள்வி (கொஞ்சம் சுருக்கியிருக்கேன்): டாக்டரம்மா, எனக்கு 29 வயசு, கோட்டையூர் பக்கம். கல்யாணமாகி ரெண்டு வருஷம், இன்னும் குழந்தை இல்ல. இடது மார்புல கேன்சர் கட்டி வந்து மதுரையில ஆபரேஷன் பண்ணி கட்டியை மட்டும் எடுத்துட்டாங்க. ரிப்போர்ட்ல ஈஆர் பாசிட்டிவ், ஹெர் டூ நெகட்டிவ்னு போட்டிருக்கு. இன்னும் மூணு வாரத்துல கீமோ, மொத்தம் 8 தடவை, அப்பறம் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும், அப்பறம் 5 வருஷம் மாத்திரைன்னாங்க. குழந்தையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல, பக்கத்துல மாமனார் உக்காந்திருந்தார். மாமியார் "மொதல்ல நீ பொழைச்சு வா, மத்ததெல்லாம் அப்பறம்"ங்கறாங்க. போன பிள்ளையார் நோன்புக்கு என் நாத்தனார் வயித்துப் பிள்ளைக்கும் சேத்து ரெண்டு இழை எடுத்துக்கிட்டா, அதையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு குழந்தை பிறக்குமா? உண்டானா நோய் திரும்பி வருமா? பிள்ளைக்கும் வந்துருமா? இந்த நேரத்துல இதைக் கேக்கறதே தப்பா?

பதில்:

தப்பே இல்லம்மா. கடைசி கேள்விக்குத்தான் மொதல்ல பதில் சொல்லணும்னு தோணுச்சு. உசுருக்கு வைத்தியம் பாக்கும்போது பிள்ளையைப் பத்தி நினைக்கறது பேராசை இல்ல, நாம பொழைச்சு எழுந்து வரப் போறோம்ங்கற நம்பிக்கை இருக்கறவதான் அதை நினைப்பா.

உங்க மெயில் வந்த அன்னிக்கே "நாளைக்கு காலையில உங்க கேன்சர் டாக்டருக்கு போன் பண்ணி, கீமோவுக்கு முன்னாடி முட்டை எடுத்து வைக்கணும், டைம் இருக்கான்னு கேளுங்க"ன்னு ரெண்டு வரி போட்டுட்டேன், ஏன்னா இந்தப் பதில் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கற கேள்வி இல்ல இது. நீங்களும் கேட்டுட்டீங்க, அவரும் "தாராளமா பண்ணிக்கலாம், ஆனா நான் குடுத்த தேதி தள்ளக் கூடாது"ன்னு சொல்லிட்டார்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இப்ப எழுதறது அந்த ரெண்டு வரிக்கு விளக்கம், உங்களுக்கும், உங்களை மாதிரியே மாமனார் பக்கத்துல உக்காந்திருக்காருன்னு வாயத் திறக்காம திரும்பி வந்த மத்த பொண்ணுங்களுக்கும்.

மொதல்ல கீமோ என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம். ஆம்பளைக்கு விந்து புதுசு புதுசா உற்பத்தி ஆகிக்கிட்டே இருக்கும், நமக்கு அப்படி இல்ல, பொறக்கும்போதே குதிர்ல கொட்டி வச்ச நெல்லு மாதிரி 10, 20 லட்சம் முட்டையோட பொறக்கறோம், வயசுக்கு வரும்போது அது 3, 4 லட்சமா குறைஞ்சிருக்கும், அதுக்கு மேல ஒரு மணி கூட புதுசா சேராது. எல்லா கீமோ மருந்தும் குதிரை ஒரே மாதிரி காலி பண்ணாது. ரொம்ப மோசமா அடிக்கறது சைக்ளோபாஸ்பமைடு, ஐபோஸ்பமைடு, புசல்பான் இந்த வகை. உங்களுக்கு எழுதியிருக்கற மொத 4 தடவையில செவப்பா இருக்கற இன்னொரு கீமோ மருந்தோட சேத்து ஏத்தறது இந்த சைக்ளோபாஸ்பமைடுதான். அடுத்த 4 தடவை ஏத்தற பாக்ளிடாக்சல் அந்த அளவுக்கு இல்ல. மருந்துக்கு சமமா முக்கியம் வயசு, ஒரே மருந்தை ஒரே அளவு ஏத்தினாலும் 29 வயசுல குதிர்ல மிச்சம் இருக்கும், 40 வயசுல அடியோட வழிச்சிரும். அதனால உங்களுக்கு கீமோ முடிஞ்சு சில மாசத்துல பீரியட்ஸ் திரும்பி வர வாய்ப்பு நல்லாவே இருக்கு, ஆனா பீரியட்ஸ் வந்துருச்சுன்னா எல்லாம் பழையபடி ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, இதைத்தான் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. இருப்பு குறைஞ்சிருக்கும், 45 வயசுல நிக்க வேண்டியது 37, 38-லயே நிக்கலாம். உங்களுக்கோ கீமோவுக்குப் பின்னாடி ஹார்மோனைத் தடுக்கற மாத்திரை வேற வருஷக்கணக்குல இருக்கு, அதைச் சாப்பிடற வரைக்கும் உண்டாகக் கூடாது. நேரமும் ஓடும், இருப்பும் குறையும், ரெண்டும் சேந்துதான் அடிக்குது.

சில வருஷம் முன்னாடி தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, 36 வயசு, வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வைத்தியம் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, நோயை சுத்தமா குணப்படுத்தி அனுப்பியிருந்தாங்க. ஸ்கேன் வச்சுப் பாத்தேன். இருப்பு நல்லா இருக்கற சினைப்பையை ஸ்கேன்ல பாத்தா சின்னச் சின்ன கறுப்பு வட்டமா தெரியும், ஒரு பக்கம் 7, 8 எண்ணலாம். அந்தப் பொண்ணுக்கு வலது பக்கம் ஒண்ணுமே இல்ல, இடது பக்கம் ரொம்ப நேரம் தேடி ஒரே ஒரு வட்டம். அதுவும் திரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் எண்ணாம நிறுத்தினதுமே புரிஞ்சுக்கிட்டு "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமா டாக்டர்?"னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன், பொய் சொல்ல வாய் வரல. அதுக்கப்பறம் எங்க கேன்சர்னு காதுல விழுந்தாலும், அந்தப் பொண்ணுக்கு 45 வயசுக்குள்ளன்னா, கீமோ ஆரம்பிச்சாச்சான்னுதான் மொத கேள்வி கேக்கறேன்.

அதனாலதான் சொல்றேன், இந்த மூணு வாரம் உங்களுக்கு பெரிய சொத்து.

என்ன பண்ணலாம்? முன்னெல்லாம் பீரியட்ஸ் வர்ற ரெண்டாம் நாள்தான் ஊசி ஆரம்பிக்கணும்னு காத்திருப்போம், இப்ப அப்படி இல்ல, மாசத்துல எந்த நாள் வந்தாலும் அன்னிக்கே ஆரம்பிச்சிரலாம். 10-ல இருந்து 14 நாள், தினமும் தொப்புளைச் சுத்தி தோலுக்கு அடியில ஒரு சின்ன ஊசி, சுகர்காரங்க போட்டுக்கறாங்களே அதே மாதிரி, நீங்களே வீட்டுல போட்டுக்கலாம். நடுவுல நாலஞ்சு தடவை ஸ்கேன். முட்டை தயாரானதும் ஒரு கடைசி ஊசி, அது போட்டு 36 மணி நேரம் கழிச்சு மயக்கம் குடுத்து கீழ் வழியா ஊசி வச்சு முட்டையை உறிஞ்சி எடுத்துருவோம், 15, 20 நிமிஷம், தையல் கிடையாது, சாயந்திரம் வீட்டுக்கு வந்துரலாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு கீமோ போட்டுக்கலாம். கணக்கு போட்டுப் பாருங்க, உங்க தேதிக்குள்ள அடங்கிரும்.

உங்க ரிப்போர்ட்ல இருக்கற ஈஆர் பாசிட்டிவ்னா ஹார்மோனை சாப்பிட்டு வளர்ற வகை, அப்ப ஹார்மோன் ஊசி போட்டா ஆபத்து இல்லையான்னு உங்க வீட்டுக்காரர் கேட்டிருந்தார்ல, ரொம்ப சரியான கேள்வி. ஊசியோட கூடவே லெட்ரோசோல்னு ஒரு மாத்திரை தினமும் குடுப்போம், அது ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் ஏறாம பிடிச்சு வச்சுக்கும், சாதாரண மாசத்துல இருக்கற அளவுக்குப் பக்கத்துலயே நிக்கும். இப்படி முட்டை எடுத்தவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்ததுல, எடுக்காதவங்களை விட நோய் கூடுதலா திரும்பினதா தெரியல.

எடுத்ததை முட்டையாவே உறைய வைக்கறதா, கணவர் விந்தோட சேத்து கருவாக்கி வைக்கறதா? உங்க சௌகரியம்தான், ஆனா என் அபிப்பிராயத்தை சொல்லிடறேன், கல்யாணமான பொண்ணா இருந்தாலும் பாதியை முட்டையாவே வைக்கச் சொல்வேன். கருவா வச்சா நாளைக்கு எடுத்து கர்ப்பப்பையில வைக்க ரெண்டு பேரு சம்மதமும் வேணும், முட்டை உங்களுது, உங்களுது மட்டும்தான். சந்தோஷமா இருக்கற வீட்டுல போய் இதைப் பேசறாளேன்னு நினைக்காதீங்க, நான் எல்லார்கிட்டயும் சொல்றதுதான். திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரியில கிடக்கும், இந்திய சட்டப்படி 10 வருஷம் வரைக்கும் வைக்கலாம், செயற்கைக் கருத்தரிப்புக்காக 2021-ல வந்த ஏஆர்டி சட்டத்துல பதிவு பண்ணின சென்டரான்னு மட்டும் பாத்துக்குங்க. கல்யாணமாகாத பொண்ணும் 21 வயசு முடிஞ்சிருந்தா தன் முட்டையை இப்படி வைக்கலாம், அம்மா அப்பாக்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ஒரு முட்டைக்கு ஒரு குழந்தைன்னு கணக்கு கிடையாது, உருக்கி எடுக்கும்போது சிலது போகும், கருவாகும்போது சிலது போகும், ஒட்டாம சிலது போகும். உங்க வயசுக்கு 10, 15 கிடைச்சா நிம்மதியா கீமோவுக்குப் போகலாம். லட்சத்துக்கு மேல செலவாகும், வருஷா வருஷம் வச்சிருக்கறதுக்கு தனியா கட்டணும், இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் வராது, கைக்காசுதான். கேன்சர் பேஷண்ட்னு சொன்னா குறைச்சு வாங்கற சென்டர் இருக்கு, மருந்து கம்பெனிகளும் சில நேரம் ஊசி விலையை குறைச்சுக் குடுக்கும், கூச்சப்படாம கேளுங்க.

இதோட இன்னொண்ணும் சேத்துக்கணும். கோசெரலின்னு ஒரு ஊசி, 28 நாளைக்கு ஒரு தடவை அடிவயித்துத் தோலுக்குள்ள, ஊசி கொஞ்சம் தடிமனா இருக்கும், உள்ள போறது தண்ணி மருந்து இல்ல, அரிசி மணி சைஸ்ல ஒரு குச்சி. அது கீமோ நடக்கற காலம் பூரா சினைப்பையை தூங்க வச்சிரும். மொத கீமோவுக்கு குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி போடணும், உங்களுக்கு முட்டை எடுத்த கையோட போடற மாதிரி வரும், அப்ப நாள் கணக்கை உங்க டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். 2018-ல பல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்துப் பாத்தப்ப, இந்த ஊசி போடாதவங்கள்ல 30.9 சதவீதம் பேருக்கு சினைப்பை முன்னாடியே ஓய்ஞ்சு போச்சு, போட்டவங்கள்ல 14.1 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. ஆனா இது மட்டும் போதும், முட்டை எடுக்க வேணாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, இது காவல்தான், சேமிப்பு இல்ல. உடம்பு திகுதிகுன்னு எரியும், ராத்திரி தூக்கம் கெடும், முடிஞ்சதும் போயிரும்.

கீமோ நடக்கும்போது பீரியட்ஸ் நின்னு போச்சுன்னு அஜாக்கிரதையா இருந்துறாதீங்க, நின்னிருந்தாலும் முட்டை வரலாம், உண்டாகவும் செய்யலாம், அந்த நேரத்துல உண்டானா அது பெரிய சிக்கல். உங்க வகைக்கு கருத்தடை மாத்திரை கூடவே கூடாது, காண்டம் இல்லன்னா காப்பர் டி.

இப்ப ரெண்டாவது கேள்வி, உண்டானா நோய் திரும்புமா. இந்த பயம் டாக்டர்களுக்கே ரொம்ப நாள் இருந்துச்சு. உடம்புல அவ்வளவு ஹார்மோன் ஏறுற காலம், ஹார்மோன் வகை கேன்சர், வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தோம். 2023-ல பாசிட்டிவ்ங்கற பேர்ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு, பல நாட்டுல இருந்து 516 பொண்ணுங்க, எல்லாருக்கும் உங்களை மாதிரியே ஹார்மோன் வகை, வயசு 42-க்குள்ள. 18-ல இருந்து 30 மாசம் வரைக்கும் மாத்திரை சாப்பிட்டுட்டு, நிறுத்தி, மருந்து உடம்பை விட்டுப் போக 3 மாசம் விட்டு, அப்பறம் குழந்தைக்கு முயற்சி பண்ணினாங்க, நிறுத்தி வைக்க ரெண்டு வருஷம் வரைக்கும் டைம். மூணு வருஷத்துல நோய் திரும்பினது 8.9 சதவீதம், இடையில நிறுத்தாதவங்க கணக்கோட ஒப்பிட்டா அங்க 9.2, பெரிய வித்தியாசமே இல்ல. உண்டானது 74 சதவீதம், குழந்தை பெத்தது 63.8 சதவீதம். பத்து பதினஞ்சு வருஷத்துக்கு அப்பறம் எப்படின்னு பாக்கறதுக்காக இன்னும் அவங்களை கவனிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, அதனால குழந்தை பெத்ததும், பால் குடுத்து முடிச்சதும், மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சு மிச்ச வருஷத்தை முடிக்கறது ரொம்ப முக்கியம். பிள்ளை வந்த சந்தோஷத்துல மாத்திரையை மறந்துறக் கூடாது.

உங்க கணக்குல பாத்தா கீமோ, கரண்ட், அப்பறம் ரெண்டு ரெண்டரை வருஷம் மாத்திரைன்னு 32, 33 வயசுல நிறுத்தலாம். எப்ப நிறுத்தறதுன்னு உங்க கேன்சர் டாக்டர்தான் சொல்லணும், நாமளா நிறுத்தக் கூடாது, ஹார்மோனைத் தடுக்கற டமாக்சிபென் மாத்திரை சாப்பிடும்போது உண்டானா பிள்ளைக்கு ஊனம் வரலாம். நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழு செக்கப், அதோட இதயத்துக்கு எக்கோ. அந்த செவப்பு மருந்து சிலருக்கு இதயத்தை லேசா பலவீனமாக்கலாம், சாதாரணமா தெரியாது, வயித்துல பிள்ளை வளர்ந்து ரத்தம் கூடும்போதுதான் தெரியும், அதனால முன்னாடியே பாத்துரணும். நீங்க கேக்கல, ஆனா நினைச்சிருப்பீங்க, பால் குடுக்கலாமான்னு. ஆபரேஷன் பண்ணி கரண்ட் வச்ச பக்கம் அவ்வளவா சுரக்காது, மத்த பக்கம் தாராளமா குடுக்கலாம், ஒரு பக்கப் பாலே பிள்ளைக்குப் போதும்.

மூணாவது, பிள்ளைக்கு வருமா. கேன்சர் கர்ப்பத்துலயோ பால்லயோ ஒட்டிக்கிட்டுப் போற நோய் இல்ல. கீமோ முடிஞ்சு போதிய இடைவெளி விட்டு பெத்த பிள்ளைங்களுக்கு மத்த பிள்ளைங்களை விட ஊனம் கூடுதலா வர்றதில்ல. ஒரே ஒரு விஷயம், மார்பகக் கேன்சர்ல 100-க்கு 5, 10 பேருக்கு அது பரம்பரை. 29 வயசுல வந்திருக்கறதால அந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கான்னு பாக்கற பிராக்கா டெஸ்ட் நீங்க கண்டிப்பா பண்ணணும், ரத்தம் குடுத்தா போதும். ரிசல்ட் வர சில வாரம் ஆகும், அதுக்காக முட்டை எடுக்கறதை நிறுத்த வேண்டாம். இருந்துச்சுன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, கருவை டெஸ்ட் பண்ணி அந்தக் கோளாறு இல்லாததை மட்டும் வைக்கவும் வழி இருக்கு. உங்க அம்மா வழியிலயும் அப்பச்சி (அப்பா) வழியிலயும் யாருக்கெல்லாம் மார்பு, சினைப்பை கேன்சர் வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க, ஆயாகிட்ட கேட்டா தெரியும்.

மத்த வகைக்காரங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஹாட்ஜ்கின் வகை நெறிக்கட்டி கேன்சருக்கு ஏபிவிடிங்கற கீமோ மருந்துக் கூட்டு குடுத்தா சினைப்பைக்கு பாதிப்பு குறைவு. வேகமா வளர்ற ரத்தப் புற்றுநோய்ல ரெண்டு வாரம் கூட காத்திருக்க முடியாது, மூலச்செல் மாத்தறதுக்கு முன்னாடி குடுக்கற மருந்து ரொம்பக் கடுமை, அதனால மொத ரவுண்டு முடிஞ்சு நோய் அடங்கினதும் அந்த இடைவெளியில கேட்டுரணும். வயசுக்கு வராத சின்னப் பிள்ளைங்களுக்கு முட்டை எடுக்க முடியாது, லேப்பராஸ்கோப்பி பண்ணி சினைப்பைத் திசுவையே எடுத்து உறைய வைக்கறாங்க. அடிவயித்துல கரண்ட் வைக்கறவங்கதான் ரொம்ப கவனிக்கணும், சினைப்பையில இருக்கற முட்டையில பாதியை அழிக்க 2 கிரே (கரண்ட்டோட அளவு) கூட வேண்டாம், கர்ப்பப்பை வாய்க்கு வைக்கறதோ 45, 50 கிரே. ஆபரேஷன் பண்ணி சினைப்பையை மேல ஏத்தி வச்சுக் காப்பாத்தலாம், ஆனா கர்ப்பப்பையை நகத்த முடியாது, அவ்வளவு கரண்ட் பட்ட கர்ப்பப்பை விரிஞ்சு குடுக்காது, பிள்ளையைத் தாங்காது. அவங்களுக்கு வாடகைத்தாய்தான் வழி, அதுவும் நம்ம சட்டத்துல காசு வாங்காம செய்யறவங்க மட்டும்தான். உங்களுக்கு கரண்ட் மார்புக்குத்தான், சினைப்பைக்கு அது வந்து சேராது, அந்தக் கவலை வேண்டாம்.

உங்க மாமியாரைப் பத்தி. "மொதல்ல பொழைச்சு வா"ன்னு சொல்ற வாய் அன்பான வாய்தான், அவங்க மேல கோவப்படாதீங்க, அவங்களுக்கு இதையும் அதையும் சேத்துச் செய்யலாம்னு யாரும் சொல்லல. நீங்க வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன். ஒருவேளை முட்டை கிடைக்காமப் போனாலும், கிடைச்சும் தங்காமப் போனாலும், நம்ம ஊர்ல பிள்ளை கூட்டிக்கிட்டு (தத்தெடுத்து) வம்சம் தழைச்ச வீடு எத்தனை இருக்கு, அந்தப் பிள்ளைங்களை யாரும் வேத்துப் பிள்ளையா நினைச்சதில்ல. ஆனா இதை இப்பவே ஆறுதலா யாராச்சும் உங்ககிட்ட சொன்னா "அதை அப்பறம் பேசிக்கலாம்"னு தைரியமா நிறுத்துங்க. இருக்கற வழியெல்லாம் பாத்த பின்னாடி வர வேண்டிய பேச்சு அது.

வளவுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தலையில துண்டைக் கட்டி உள்கட்டுலயே இருக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. பக்கத்துப் புதுக்கோட்டையில பொறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சியை கேன்சருக்குப் பறி குடுத்துட்டு அழுதுட்டு மூடி வைக்கல, 1954-ல சென்னை அடையார்ல கேன்சர் ஆஸ்பத்திரியே கட்டி எழுப்பினாங்க. அதுக்கப்பறமும் நாம இன்னும் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கோம். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனா டாக்டர்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. மாமனாரை வெளிய உக்காரச் சொல்றது மரியாதைக் குறைவு இல்ல.

திங்கக்கிழமை வர்றதா சொல்லியிருக்கீங்க. பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ தேதி எழுதின சீட்டு, ரெண்டு பேரோட ஆதார், கல்யாணப் பதிவு சர்டிபிகேட் எடுத்துக்குங்க, இங்க ஸ்கேனும் முட்டை இருப்பைக் காட்டற ஏஎம்எச் ரத்த டெஸ்ட்டும் பாத்துட்டு அன்னிக்கே உங்களை மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பிருவேன், எதுவா இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். பீரியட்ஸ் நடந்துக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, ஸ்கேன் பண்ணலாம். வெறும் வயித்தோட வர வேண்டாம், நல்லா சாப்பிட்டுட்டு வாங்க.